தொட்டியில் தொங்கிய அறிவிப்பு

இலங்கை மலைநாட்டில், றொசல்லவில் ரயில் நின்று நாற்பது நிமிடம் ஆன பிறகுதான் பயணிகள் கீழே இறங்கத் தொடங்கினார்கள். யாரும் பதறவில்லை. தண்டவாளத்தை ஒட்டியிருந்த தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று சோம்பல் முறித்தார்கள், சிகரெட் பற்றவைத்தார்கள். கார்டு ஒவ்வொரு பெட்டியாக வந்து சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். என் எதிர் இருக்கைக்காரர் மொழிபெயர்த்தார்.

"முன்னுக்கு மண் சரிஞ்சிருக்காம். அள்ளிட்டு விடுவாங்களாம். அரமணித்தியாலம்னு சொல்றாரு. நீங்க ஒன்றரை மணின்னு வச்சுக்கோங்க."

அவர் அட்டனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி. பையிலிருந்து மீன் பணிஸ் ஒன்றை எடுத்து, நான் மறுக்க முடியாத வேகத்தில் கையில் வைத்தார். உருளைக்கிழங்கும் மீனும் மிளகும் அடைத்த ரொட்டி. கோயம்புத்தூரில் இது கிடைத்தால் நான் மதியச் சாப்பாட்டையே விட்டுவிடுவேன்.

வியாபாரம் எப்படி என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஓடுறதில்ல. கறுப்பு ஓஸ் பைப்பு மட்டும் ஓடுது. தோட்டத்து ஆளுக சுருள் சுருளா கொண்டு போறாங்க. தொட்டித் தண்ணி சரியில்லைன்னு சில தோட்டத்துல போர்டு போட்டாங்க. போர்டு போட்டா ஓஸ் ஓடும், மழை வந்தா குடை ஓடும். நமக்கு அல்லா ஒரு வழி வைக்காம விடுறதில்ல."

மண் அள்ளி முடிய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

கொழும்பில் ஒரு பயிலரங்குக்காக வந்திருந்தேன். அது முடிந்ததும் நாலு நாள் கையில் இருந்தது. எங்கள் பத்திரிகையில் பக்கம் வடிவமைக்கும் பிரான்சிஸ் கோத்தகிரிக்காரர். அவருடைய குடும்பத்தில் பாதி, அவர் சிறுவனாக இருந்தபோது இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்துவிட்டது. மீதிப் பாதி லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலேயே இருந்துவிட்டது. சித்தப்பா மகள் அருளம்மாவின் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. ஐந்து டஜன் கண்ணாடி வளையல்களையும் ஒரு கிலோ கோத்தகிரித் தேயிலையையும் என்னிடம் கொடுத்திருந்தார். இலங்கைக்குத் தேயிலையா என்று கேட்டேன். "மச்சான் குடிச்சுப் பாக்கட்டும்" என்றார், அருளம்மாவின் கணவரைச் சொல்லி.

வியாழக்கிழமை மாலை தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பன்னிரண்டு வீடுகள் ஒட்டிக் கட்டிய நீண்ட லயம். கூரையெல்லாம் தகரம். கூரைகளுக்கு மேலாக மலையிலிருந்து ஒரு கறுப்பு ஓஸ் இறங்கி வந்து, ஒரு நீலப் பீப்பாயில் விழுந்து, அங்கிருந்து வீட்டுக்கு ஒன்றாகப் பிரிந்து போனது. இரும்புக்கடைக்காரரின் வியாபாரம் கண்ணெதிரே தெரிந்தது.

"பிரான்சிஸ் அண்ணன் எப்படி இருக்காரு மிஸ்? தொப்பை போட்டிருக்காராமே, போன்ல மூஞ்சி மட்டும்தான் காட்டுறாரு" என்றார் அருளம்மா. அங்கே பேனா வைத்திருக்கும் பெண்கள் எல்லோரும் மிஸ்தான். நான் நாலு நாளும் மிஸ்ஸாகவே இருந்தேன்.

அவருடைய கணவர் மரியதாஸ் தோட்டத்து ஃபேக்டரியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோத்தகிரிப் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மணியாக உருண்ட தூள். மோந்தார். மறுபடி பொட்டலத்துக்குள் கொட்டினார்.

"இது தேயில இல்ல மிஸ். இது மருந்து. காய்ச்சல்காரனுக்குக் குடுக்கலாம்."

"ஏங்க, வந்த பிள்ளைகிட்ட..." என்றார் அருளம்மா.

"பிரான்சிஸ் மச்சானுக்குத்தான் சொல்றேன். மிஸ் எழுதிக்கிட்டுப் போய்ச் சொல்லட்டும்."

பிறகு அவரே அடுப்படிக்குப் போய்ச் சாயத்தண்ணி ஊற்றி வந்தார். பால் இல்லை, சீனியைத் தனியாக உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். நானும் தேயிலை மலைகளுக்கு அருகில் வளர்ந்தவள்தான். அப்படி ஒரு தேநீரை அதற்கு முன் குடித்ததில்லை. தேங்காய் ரொட்டியும், மிளகாயும் மாசிக் கருவாடும் இடித்த கட்டசம்பலும் கூட வந்தன. மூன்று ரொட்டி தின்றேன். காரம் தாங்காமல் பக்கத்தில் செம்பில் இருந்த பச்சைத் தண்ணீரை இரண்டு முறை குடித்தேன்.

மகள் ஸ்டெல்லாவுக்கு ஏழாம் மாதம். கணவன் கொழும்பில் வேலை; ஞாயிறு வருவான். வளையல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே, "வசந்தியும் இருந்திருந்தா நல்லாருக்கும்" என்றாள். வசந்தி நாலு வீடு தள்ளி இருப்பவள், கொழுந்து பறிப்பவள், ஸ்டெல்லாவின் சிநேகிதி. போன வாரம் கண் மஞ்சளாகி, நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

"மஞ்சள் காமாலையா?"

"அப்படித்தான் சொல்றாங்க. தொட்டித் தண்ணி குடிச்சிருப்பா. நாங்க அதத் தொடுறதே இல்ல."

வெள்ளிக்கிழமை காலை தொட்டியைப் பார்க்கப் போனேன். லயத்துக்குக் கீழே, சிமெண்டுத் தொட்டி, பூட்டிய இரும்பு மூடி, அடியில் இரண்டு குழாய்கள். பக்கவாட்டில் சுகாதார அலுவலகத்தின் அறிவிப்பு தொங்கியது. மேலே சிங்களம், கீழே தமிழ். தமிழில் பிழை இல்லை. ஆனால் முழுவதும் ஒரே வாக்கியம்: நீர்மாதிரிப் பரிசோதனையின் பிரகாரம் இந்நீர்த்தாங்கியின் நீர் நேரடியாகப் பருகுவதற்கு உகந்ததல்ல என்பதால் பொதுமக்கள் கொதிக்க வைத்து ஆறிய நீரையே பருகுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள். கீழே ஒரு கையெழுத்து. எப்போதிலிருந்து, எதுவரை என்று இல்லை. தேதியே இல்லை.

இருபது வருடமாகச் செய்தி திருத்துகிறேன். "தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும்: ஆட்சியர் வேண்டுகோள்" என்று இரண்டு பத்தி அகலத்தில் எத்தனை முறை கட்டம் கட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்தக் கட்டத்தைப் படித்தவர்கள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

பத்து மணிக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இந்த வட்டாரத்தில் பி.எச்.ஐ. என்று சொன்னால் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். எங்கள் ஊரில் மாநகராட்சி ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவை அனுப்பும்; அதற்கு முகம் கிடையாது. இங்கே அறிவிப்புக்கு முகமும் பெயரும் உண்டு. இவர் பெயர் பண்டார; லயத்துக்காரர்களுக்கு மாத்தையா, சிங்களத்தில் ஐயா. சிங்களவர், தோட்டங்களிலேயே வேலை பார்த்துத் தமிழ் கற்றவர். பின்னால் மிட்வைஃப் மிஸ் அமர்ந்து வந்தார். ஸ்டெல்லாவிடம் இரத்தம் எடுக்க வந்திருந்தார்.

"வசந்தி கூடப் பழகின பிள்ள இது. வயித்துப்பிள்ளக்காரிக்கு இந்தக் காமால வருத்தம் வந்தா நாங்க கையப் பெசஞ்சுகிட்டுத்தான் நிக்கணும்" என்று அருளம்மாவிடம் சொன்னார். மெதுவாகச் சொல்லவில்லை. ஸ்டெல்லா ஊசியைப் பார்க்காமல் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரியதாஸ் வழக்கம்போலச் சாயத்தண்ணி கொண்டுவந்தார். பண்டார ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

"தேத்தண்ணி நல்லா இருக்கு."

"நம்ம கைப்பக்குவம் மாத்தையா."

"இல்ல, தாஸ் அண்ண. ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் பிரச்சினை. இது எங்க இருந்து வந்த தண்ணி?"

பையிலிருந்து விரல் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்து, செம்பிலிருந்த தண்ணீரை ஊற்றி, இரண்டு சொட்டு மருந்து விட்டார். நிறம் மாறவில்லை. கீழே தொட்டிக்குப் போய் அங்கேயும் பிடித்தார். அது மஞ்சளாயிற்று. குளோரின் இருந்தால் மஞ்சள் என்று எனக்கு விளக்கினார்.

விஷயம் இதுதான். மூன்று மாதத்துக்கு முன் தொட்டித் தண்ணீரில் கிருமி இருந்தது. அறிவிப்பு மாட்டினார்கள். இரண்டே நாளில் தொட்டியைக் கழுவி, தினமும் பிளீச்சிங் பவுடர் போட ஏற்பாடு செய்தார்கள். அதற்காகத் தோட்டத்தில் ஓர் ஆள் இருக்கிறார். அன்றிலிருந்து இந்த மலையிலேயே பாதுகாப்பான தண்ணீர் தொட்டியில்தான் இருக்கிறது. ஆனால் அறிவிப்பு இறங்கவில்லை. அறிவிப்பு தொங்கும் தண்ணீர், அதிலும் மருந்து வாடை, தேநீரில் விட்டால் ஆஸ்பத்திரி வாசம். தேயிலை மக்கள் இதைச் சகிப்பார்களா? மரியதாஸ் மேலே ஓர் ஊற்றைக் கண்டுபிடித்து, ஓஸ் வாங்கி, தானே மலையில் இறக்கிப் பன்னிரண்டு வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். வசந்தி குடித்ததும் அந்தத் தண்ணீரைத்தான்.

"போர்டை ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டேன்.

"ரெண்டு ரிப்போர்ட் நல்லதா வரணும் மிஸ். ஒண்ணு வந்திருக்கு. மத்தது இன்னும் வரல."

"ஒரு தேதியாவது போட்டிருக்கலாமே?"

"தேதி போட்டா, தேதி முடிஞ்சதும் ஏன் எடுக்கலன்னு கேப்பாங்க."

"சரி, ஓஸில் ஒரு அறிவிப்பு மாட்டலாமே?"

அவர் சிரித்தார். "எங்க புத்தகத்துல தொட்டி இருக்கு. ஓஸ் இல்ல. இல்லாத சாமானுக்கு எப்படி நோட்டீஸ் குடுக்கறது?"

முற்றத்தில் நின்று அலுவலகத்துக்குச் சிங்களத்தில் பேசினார். அருளம்மா எனக்காகக் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். "ஓஸை எடுக்கச் சொல்லலாமான்னு கேக்குறாரு... அது தோட்டத்து மண்ணு, மேனேஜர் தொரகிட்ட கேளுங்கன்னு சொல்றாங்க போல... தொரகிட்ட கேட்டாராம், ஓஸு எங்களுது இல்லேன்னுட்டாராம்... இப்ப 'சரி, சரி'ங்கறாரு. சரின்னா ஒண்ணும் நடக்காதுன்னு அர்த்தம் மிஸ்."

மரியதாஸ் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். "ஊத்துத் தண்ணி மாத்தையா. கண்ணாடி மாதிரி. நானே பாத்துத்தான் போட்டேன்."

"நாளைக்கு எனக்கு லீவு" என்றார் பண்டார. "காமிங்க. நானும் பாக்குறேன்."

சனிக்கிழமை மூவரும் ஏறினோம். நேர் ஏற்றம். மரியதாஸ் முன்னால், ஓஸைத் தொட்டுக்கொண்டே போனார். எங்கெங்கே கல் வைத்தேன், எங்கே ஒட்டுப் போட்டேன் என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு இரண்டு இடத்தில் வழுக்கியது. முதல் இரண்டு அட்டைகளைப் பண்டார சோப்புத் துண்டால் தட்டிவிட்டார். மூன்றாவதை அன்று மாலை காலுறையில்தான் கண்டுபிடித்தேன்.

ஊற்று உண்மையிலேயே அழகாக இருந்தது. இரண்டு பாறைக்கு நடுவே தெளிந்த தண்ணீர், ஓஸின் வாயில் வலைத்துணி. பண்டார அங்கே நிற்கவில்லை. இன்னும் இருபதடி மேலே ஏறிக் குந்தினார். மேல் டிவிஷன் லயத்தின் கழிவறைக் குழி அங்கே முடிகிறது. மூடியின் ஓரத்தில் வெடிப்பு. வெடிப்பிலிருந்து புல்லில் கறுப்பாக ஓர் ஈரத் தடம் கிளம்பி, நேராகப் பாறைக்குள் இறங்கியது.

அவர் கையால் அந்தத் தடத்தைக் காட்டினார்.

மரியதாஸ் குனிந்து பார்த்தார். "மூணு மாசத்துக்கு முன்ன இது இல்ல மாத்தையா."

"இருந்திருக்கும். அப்ப காஞ்சிருந்திருக்கும். இப்ப மழை."

"நான்தான் எல்லாருக்கும் இழுத்துக் குடுத்தேன்."

"குளோரின் வாசம் நல்லா இல்லதான் அண்ண. எனக்கும் பிடிக்காது."

மரியதாஸ் கீழே இறங்கி, ஓஸின் வாயைத் தண்ணீரிலிருந்து எடுத்து, மடக்கி, தலையில் கட்டியிருந்த துண்டைக் கிழித்துக் கட்டினார். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. சுகாதார அலுவலகமும் தோட்ட நிர்வாகமும் சேர்ந்து செய்ய முடியாத வேலை.

நாங்கள் இறங்கி வருவதற்குள் பன்னிரண்டு வீட்டிலும் தண்ணீர் வரத்து நின்றுபோயிருந்தது. மூன்றாம் வீட்டுப் பாக்கியம் வாளியோடு முற்றத்தில் நின்றார்.

"தாசு மாமா, தண்ணி எங்க?"

"தொட்டியில இருக்கு. போய்ப் புடி."

"தொட்டியில போர்டு தொங்குது. வயசான காலத்துல கண்ணும் போச்சா?"

"போர்டு பழசு. இப்ப மருந்து போடுறாங்க. மேல கக்கூசுத் தண்ணி எறங்குது, நானே கண்ணால பாத்தேன்."

"மூணு மாசமா ஊத்துத் தண்ணி, அமிர்தம்னு சொன்ன வாய்தானே இது?"

ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பண்டார தொட்டிக்கு இறங்கினார். எல்லோரும் பின்னாலேயே போனோம். ஒரு தம்ளர் பிடித்து, அறிவிப்புக்கு முன்னால் நின்று முழுவதும் குடித்தார்.

"போர்டுல கையெழுத்துப் போட்டதும் நான்தான். குடிக்கிறதும் நான்தான்."

பாக்கியம் அறிவிப்பைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அப்ப நாங்க எத நம்புறது மாத்தையா? ஒங்க கையவா, வாயவா?"

கூட்டம் சிரித்தது. பண்டாரவும் சிரித்தார். அரசு அறிவிப்புகளைப் பற்றி என் காதில் விழுந்த கேள்விகளில் அதுதான் சரியான கேள்வி. நாலு வீட்டுக்காரர்கள் வாளி நிரப்பினார்கள். மற்றவர்கள் வெறும் வாளியோடு திரும்பினார்கள். அன்று பிற்பகல் யாரோ மேலே போய்த் துண்டை அவிழ்த்துவிட்டார்கள். ஓஸில் மறுபடி தண்ணீர் வந்தது. மரியதாஸ் கத்தியை எடுத்துக்கொண்டு போய், இந்த முறை ஓஸையே இரண்டு இடத்தில் அறுத்துவிட்டு வந்தார். இரவுச் சாப்பாட்டில் அவர் சம்பல் தொட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வளைகாப்பு. வட்டவளையிலிருந்தும் அட்டனிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்தார்கள். ஸ்டெல்லாவின் கணவன் காலை பஸ்ஸில் தூக்கக் கண்ணோடு வந்து இறங்கினான். பெண்கள் வளையல் போட்டார்கள், சந்தனம் பூசினார்கள்; ஃபாதர் வந்து ஒரு செபம் சொன்னார். புளிச்சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம். குடிக்கத் தொட்டித் தண்ணீர். தேநீருக்கும் தொட்டித் தண்ணீர்.

அண்டாவுக்குப் பக்கத்தில் மரியதாஸ் நின்றார். முதல் தம்ளரை வட்டவளை மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் வாங்கினார். குடித்தார். முகம் சுளித்தார்.

"என்ன மாமா இது, ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது? ஒங்க வீட்டுத் தேத்தண்ணிக்காகத்தான் நாங்க வர்றதே."

"தொட்டித் தண்ணி மாப்பிள்ள. மருந்து போட்டது. குடிங்க."

அடுத்தவர் வந்தார். "தொட்டித் தண்ணி. மருந்து போட்டது. மேல ஊத்துல கக்கூசுத் தண்ணி கலக்குது. குடிங்க." அடுத்தவர். அதே வார்த்தைகள். முப்பது வருடம் தேயிலையின் ருசிக்காக உழைத்தவர், தன் வீட்டு விசேஷத்தில், நூறு பேருக்குக் குறையாத கூட்டத்துக்குக் கெட்டுப்போன தேநீரைத் தன் கையால் ஊற்றிக்கொண்டிருந்தார். சொன்னதையே சொன்னார், மன்னிப்புக் கேட்கவில்லை. பாக்கியமும் வந்து வாங்கினார். ஒரு மிடறு குடித்து, "கருமம்" என்றார். தம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் வைத்தார்.

மதியம் மிட்வைஃப் மிஸ் வந்தார். ஸ்டெல்லாவைத் தனியே அழைக்கவில்லை. எல்லோருக்கும் நடுவிலேயே சொன்னார். "இரத்தத்துல இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. இன்னும் மூணு வாரத்துல மறுபடி பாக்கணும். அதுவரைக்கும் தண்ணியில கவனம்." அருளம்மா உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வியாழக்கிழமை குடித்த செம்புத் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். ஊருக்குப் போனதும் நீங்களும் பாருங்க மிஸ் என்றார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸுக்குப் பையைக் கட்டி வைத்தேன். அருளம்மா தேநீர் கொண்டுவந்தார். மூடுபனி விலகியிருந்தது. ஒரு வாய் குடித்தேன். நல்ல தேநீர் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

மரியதாஸ் தன் தம்ளரை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார். மோந்தார். ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். தம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்தார். உள்ளே ஸ்டெல்லா செம்பை அண்ணாந்து பிடித்திருந்தாள். அதை அவள் கையிலிருந்து வாங்கி முற்றத்தில் ஊற்றினார்.

"என்னப்பா?"

"குடிக்காத. கொதிச்சது மட்டும் குடி."

போனை எடுத்து எண்ணைத் தேடினார். கண்ணாடி இல்லாததால் நேரம் பிடித்தது. தொட்டிக்கு மருந்து போடும் ஆள் நேற்று எங்கள் விருந்தில் இருந்தார். இன்று இன்னும் எழுந்து மருந்து போடவில்லை என்பது பிறகு தெரிந்தது.

"மாத்தையா, நான் தாஸ் பேசுறேன்" என்றார் சத்தமாக. "தேத்தண்ணி நல்லா இருக்கு. ஒடனே வாங்க."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பாக்கியத்தின் கதவைத் தட்டப் போனார்.